கோட்டுக்கு வெளியே நிற்பவர்

எங்கள் தர்மபுரியில் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். சர்க்கார் காகிதங்களில் அவர் வகித்த உத்தியோகத்துக்கு ‘உடற்கல்வி ஆசிரியர்’ என்று கௌரவமான பெயர் உண்டு. ஆனால் அவரிடம் விசில் சத்தமும், அவ்வப்போது முழங்காலுக்குக் கீழே பிரம்படியும் வாங்கியவர்கள் இன்றைக்கும் டிரில் மாஸ்டர் என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படி வாங்கியவர்களில் ஒருவன். எழுபது வயதைத் தாண்டிவிட்ட அவர் விடியற்காலையில் உலாவப் போகும்போதுகூட மைதானத்துக்குள் செருப்புக் காலோடு இறங்கமாட்டார். ஓரமாகவே சுற்றி வருவார். குறுக்கே போனால் பாதி தூரம் மிச்சமாகுமே என்று ஒரு நாள் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் முப்பது வருஷத்துக்கு முந்திய பிரம்பு ஞாபகம் வந்துவிட்டது.

அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வற்புறுத்தி ஒரு நண்பர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். நண்பர் வீட்டில் சுவர் அகலத்துக்குத் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. அதில் ‘மைதான்’ என்ற ஹிந்திப் படத்தைப் பார்ப்பதென்று ஏற்பாடு. 2024-ல் வெளிவந்த படம். ஹைதராபாத்தைச் சேர்ந்த கால்பந்துப் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீமின் சரித்திரம். அமித் சர்மா இயக்கியிருக்கிறார். அஜய் தேவ்கன் ரஹீமாக நடித்திருக்கிறார். சங்கீதம் நம் ஏ. ஆர். ரஹ்மான். மூன்று மணி நேரம் ஓடுகிறது. டிரில் மாஸ்டருக்கு ஹிந்தி தெரியாது. கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளைப் படிக்கக் கண்ணும் இடம் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த மட்டும் அவர் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் ‘வேண்டாம்’ என்று கையமர்த்திவிட்டார். கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

படம் முடிந்தது. நண்பருடைய மனைவி கண்களைத் துடைத்துக்கொண்டு காப்பி கொண்டுவந்தார். எனக்கும் தொண்டை அடைத்திருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. டிரில் மாஸ்டர் மட்டும் காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு, “நல்லாத்தான் எடுத்திருக்கான். அது சரி, பசங்க எப்பப்பா கத்துக்கிட்டாங்க?” என்று கேட்டார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு வியாக்கியானந்தான். படத்தைப் பற்றி நூறு பேர் எழுதிவிட்டார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில், ஒரு பயிற்சியாளருடைய வாழ்க்கையைக் கதையாகச் சொல்லும்போது நாம் எதை விட்டுவிடுகிறோம் என்பது எனக்கு அந்தரங்கமான கவலை. ஏன் அந்தரங்கம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், ரஹீம் யார் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1909-ல் பிறந்தவர். உஸ்மானியாவில் படித்துப் பட்டம் பெற்றவர். தொழில், பள்ளிக்கூட உபாத்தியாயர். ஹைதராபாத்தில் ஒன்றிரண்டு பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, பிற்பாடு தேகப் பயிற்சிக்கென்று தனியாகப் படித்து, விளையாட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர். ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசியாகப் பல வருஷம் உழைத்தவர். ஹைதராபாத் போலீஸ் குழு அவர் கையில் வளர்ந்தது. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை அந்தப் போலீஸ்காரர்கள் வேறு யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. 1951-ல் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டு நடந்தபோது இந்தியக் குழுவுக்கு அவர்தான் பயிற்சியாளர். மேவாலால் அடித்த ஒரே கோலில் ஈரானை ஜயித்துத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1962-ல் ஜகார்த்தாவில் மறுபடியும் தங்கம். அடுத்த வருஷம், 1963 ஜூன் மாதத்தில், புற்றுநோயால் காலமானார். ஐம்பத்து நான்கு வயதுகூட நிறையவில்லை.

இந்த இரண்டு தங்கங்களுக்கும் நடுவில் இருப்பதுதான் கதை. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. குளிர் தேசம், நம் ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். படம் இந்தத் தோல்வியிலிருந்துதான் தொடங்குகிறது. நல்ல தொடக்கம் என்றே சொல்லவேண்டும். நான்கு வருஷம் கழித்து, 1956-ல், மெல்போர்னில் அதே யூகோஸ்லாவியாவை அரை இறுதியில் இந்தியா சந்தித்தது. இடைவேளைக்குப் பிறகு முதல் கோலைப் போட்டது யார் தெரியுமோ? நெவில் டிசூஸா, நம் ஆள். அந்த முன்னிலை இரண்டு நிமிஷந்தான் நிலைத்தது. கடைசியில் நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். அதற்கு முந்திய பந்தயத்தில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே நாலுக்கு இரண்டு என்று தோற்கடித்திருந்தோம். டிசூஸா மட்டும் மூன்று கோல். மொத்தத்தில் நான்காவது இடம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதற்கு மேலே ஏறினதில்லை.

பத்துக்கு ஒன்று, நான்கே வருஷத்தில் நாலுக்கு ஒன்றாயிற்று. இரண்டும் தோல்விதான். பத்திரிகைத் தலைப்புக்கு இது உதவாது. ஆனால் டிரில் மாஸ்டர் கேட்ட கேள்வி இந்த இடத்தில்தான் வந்து உட்காருகிறது. இந்த நான்கு வருஷங்களில் என்ன நடந்தது? பையன்கள் எப்போது கற்றுக்கொண்டார்கள்?

படத்தில் ரஹீம் ஊர் ஊராகப் போகிறார். ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கிறார். பயிற்சி தொடங்குகிறது. உடனே சங்கீதம் எழும்புகிறது; வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன; ஓடுகிறார்கள், விழுகிறார்கள், எழுந்திருக்கிறார்கள். சங்கீதம் அடங்குவதற்குள் குழு தயார்! ரஹ்மானுடைய மெட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மனிதனுடைய ஆயுள் முழுவதும் எதில் செலவாயிற்றோ அதை ஒரு பாட்டுக்குள் மடித்து வைத்துவிட்டு, அவர் சிகரெட் பிடித்ததற்கும் இருமினதற்கும் கமிட்டிக்காரர்களோடு வாதாடியதற்கும் மீதி நேரத்தைக் கொடுப்பது என்ன நியாயம்?

ரஹீம் என்ன செய்தார் என்பது மறைந்து போன ரகசியம் அல்ல. அவரிடம் ஆடியவர்கள் பல வருஷங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம்முடைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பந்து காலில் வந்ததும் அதை விடமாட்டார்கள். ஒருவனைத் தாண்டி, இரண்டாமவனைத் தாண்டி, மூன்றாமவனிடம் பறிகொடுக்கும் வரையில் தானே கொண்டு போக வேண்டும். ஜனங்களுக்கும் அதுதான் பிடிக்கும். கல்கத்தாவிலும் பிடித்தது, தர்மபுரியிலும் பிடிக்கிறது. வெறுங்காலோடு ஆடுகிறவனுக்குப் பந்தின் மீது அப்படி ஒரு பிடிப்பும் இருக்கும். ரஹீம் என்ன செய்தார்? பந்தைத் தட்டிக்கொண்டு போவதே கூடாது, வந்ததும் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியோடு பந்தயங்கள் நடத்தினார். அதோடு விட்டாரா? பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம் என்று இன்னொரு பந்தயம். வலது கால்காரன் இடது காலால்தான் ஆடவேண்டும்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு பந்தயத்தைக் கற்பனை செய்து பாருங்கள். இருபத்திரண்டு பேர் தடுமாறுகிறார்கள். பந்து எங்கோ போகிறது, கால் எங்கோ போகிறது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள். ஆட்டக்காரனுக்கு எவ்வளவு அவமானம்! ஊரில் தன்னைப்போல் உண்டா என்று இருந்தவன் ஆறு வயதுக் குழந்தைபோல் தள்ளாடுகிறான். கோட்டுக்கு வெளியே ஓர் உபாத்தியாயர் நிற்கிறார். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமும் இதே பந்தயம் உண்டு என்று அறிவிக்கிறார்.

நம் நாட்டில் சிறந்த பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் துரோணாச்சாரியார் பெயரால் விருது கொடுக்கிறார்கள். அந்தப் பெயரை யார் யோசித்து வைத்தார்களோ, எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. துரோணர் ஒரு பையனுடைய பழகிய விரலைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். இந்த ஹைதராபாத் வாத்தியாரோ பழகிய காலைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, பழகாத இன்னொரு காலை உண்டாக்கிக் கொடுத்தவர்.

மூன்று மணி நேரப் படத்தில் அந்தத் தள்ளாட்டத்துக்கு ஒரு கால் மணி கொடுத்திருந்தால் என்ன? சிரித்திருப்போம், பிறகு ஜகார்த்தாவில் பந்து ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தாவும்போது நாமாகவே உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருப்போம். யாரும் நமக்குப் பிரசங்கம் செய்ய வேண்டியிருந்திராது.

பிரசங்கம் என்று சொன்னேன். அங்கேதான் வியாதியின் மூலம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பயிற்சியாளர் கதை என்றால் ஆட்டத்தின் நடுவிலோ, ஆட்டத்துக்கு முன்போ, அவர் ஒரு பேச்சுப் பேசியாக வேண்டும் என்று எல்லாரும் தீர்மானித்துவிட்டார்கள். 2007-ல் வந்த ‘சக் தே இந்தியா’வில் ஷாருக் கான் எழுபது நிமிஷத்தைப் பற்றிப் பேசினார். நம் ‘பிகில்’ படத்தில் விஜய் பேசாத பேச்சு இல்லை. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனால் அமெரிக்காவில் போய் நிற்கிறோம்.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்பது வேறு ஆட்டம். நீள்வட்டமான பந்து, அதைப் பெரும்பாலும் கையில் எடுத்துக்கொண்டுதான் ஓடுவார்கள், தலைக்கவசமும் தோள்கவசமும் உண்டு. அதைக் கல்லூரிகள் ஆடுகின்றன; கல்லூரி ஆட்டத்தைப் பார்க்க லட்சம் பேர் கூடுவதும் உண்டு. அங்கே பல மாநிலங்களில் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர்களில் மிகப் பெரிய சம்பளக்காரர், கவர்னர் அல்ல, சர்வகலாசாலையின் பந்தாட்டப் பயிற்சியாளர்! காலேஜில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டவன் நான். எந்தக் காலேஜில் எதற்குச் சம்பளம் என்று அபிப்பிராயம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அப்படிப்பட்ட தேசத்தில் பயிற்சியாளர்களைப் பற்றிக் கதைகளும் சினிமாக்களும் மலிந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை.

அந்தக் கதைகளுக்கெல்லாம் மூதாதை, நூட் ராக்னி என்பவர். நார்வேயில் பிறந்து, சிறு பிள்ளையாக அமெரிக்காவுக்கு வந்தவர். நோட்டர் டேம் என்ற கத்தோலிக்கக் கல்லூரியில் ரசாயனம் படித்து, அங்கேயே ரசாயனம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, பந்தாட்டமும் சொல்லிக் கொடுத்தார். 1918 முதல் 1930 வரை அவர் தலைமைப் பயிற்சியாளர். நூற்றைந்து ஆட்டங்களில் வெற்றி; தோல்வி பன்னிரண்டே பன்னிரண்டு. 1931-ல் விமான விபத்தில் இறந்துபோனார். 1940-ல் வார்னர் கம்பெனியார் அவர் வாழ்க்கையைப் படமாக எடுத்தார்கள். அதில், ஜார்ஜ் கிப் என்ற இளம் ஆட்டக்காரன் நோயில் விழுந்து, சாகும் தறுவாயில் ராக்னியிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறான். என்றைக்காவது பையன்கள் தளர்ந்து போனால் என் பெயரைச் சொல்லி ஆடச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். எட்டு வருஷம் கழித்து, 1928-ல், ராணுவக் கல்லூரியோடு நடந்த ஆட்டத்தின் இடைவேளையில் ராக்னி அதைப் பையன்களிடம் எடுத்துச் சொல்கிறார். பையன்கள் கண்ணீரோடு எழுந்து போய் ஜயிக்கிறார்கள். கிப்பாக நடித்த இளைஞர் ரொனால்ட் ரீகன். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான பிறகும் அந்தச் செல்லப் பெயர் அவரை விடவில்லை; அவரும் அதை விடவில்லை.

1928-ல் ஆட்டம் நடந்ததும் உண்மை. பன்னிரண்டுக்கு ஆறு என்று நோட்டர் டேம் ஜயித்ததும் உண்மை. கிப் அப்படி ஒரு வேண்டுகோள் விடுத்தானா என்பதில் மட்டும் சரித்திரக்காரர்களுக்குச் சந்தேகம் உண்டு. போகட்டும். என்னை யோசிக்க வைத்தது வேறொரு தகவல். ராக்னி ஆயுளில் தோற்ற பன்னிரண்டில் நான்கு தோல்வி அந்த ஒரே வருஷத்தில், 1928-ல் வந்தது. ஒன்பது ஆட்டத்தில் நான்கு தோல்வி! அவருடைய பயிற்சிக் காலத்திலேயே மிகவும் மோசமான வருஷம் அதுதான். உலகம் ஞாபகம் வைத்திருக்கும் அந்தப் பிரசங்கம், கையில் வேறு சரக்கு இல்லாத வருஷத்தில் பேசப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற பன்னிரண்டு வருஷங்களில் அவர் என்ன செய்தார்? ஆட்டக்காரர்கள் ஒரே கணத்தில் சேர்ந்து இடம் மாறுவதற்குப் பழக்கினார். அந்த அசைவு கடிகார முள்போல் பிசகாமல் வரும் வரையில் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். அதைச் சினிமாவில் எடுத்தால் யார் அழுவார்கள்?

ரஹீம் பேசாதவர் அல்ல. நன்றாகப் பேசத் தெரிந்தவர் என்றே சொல்கிறார்கள். ஆனால் ஜகார்த்தாவில் இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவு அவர் பேசியதாக ஆட்டக்காரர்கள் நினைவு கூர்ந்தது மிகவும் சுருக்கமானது. நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேண்டும், அந்தத் தங்கத்தைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று கேட்டாராம். அவ்வளவுதான். அந்தப் பேச்சு பலித்தது என்றால், அதற்குப் பின்னால் பன்னிரண்டு வருஷத்து இடது கால் இருந்தது.

அந்த ஜகார்த்தா கட்டத்தைப் படம் நன்றாகவே கையாண்டிருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நான் நியாயஸ்தன் அல்ல. இஸ்ரேலியர்களுக்கும் தைவான்காரர்களுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்தியாவைச் சேர்ந்த சோந்தி கண்டித்தார். அதனால் ஊரே நம்மவர்கள் மீது ஆத்திரத்தில் இருந்தது. அரங்கம் முழுவதும் ஏளனக் கூச்சல். பாகிஸ்தான் ஹாக்கிக்காரர்கள் மட்டும் நமக்காகக் கைதட்டினார்கள் என்று ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொன்னதுண்டு. தென் கொரியா, முதல் ஆட்டத்திலேயே நம்மை இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்த குழு. தற்காப்புக்காரர் ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் தையல். அவரை ரஹீம் முன்னணியில் கொண்டுபோய் நிறுத்தினார். காய்ச்சலில் கிடந்து எழுந்த பீட்டர் தங்கராஜை, வெலிங்டன் மதராஸ் படைப்பிரிவின் குழுவில் ஆடிப் பெயர் வாங்கியவரை, கோல் காக்க வைத்தார். பதினேழாவது நிமிஷத்தில் பி. கே. பானர்ஜி, இருபதாவது நிமிஷத்தில் அதே ஜர்னெயில் சிங். இரண்டுக்கு ஒன்று என்று ஜயித்தோம். காமிரா கால்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிறது. புல்லின் வாசனைகூட வருகிறது. அந்த நேரம் முழுவதும் அஜய் தேவ்கன் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். ஒன்றும் செய்ய முடியாதவராக நிற்பதை அவர் அழகாகச் செய்திருக்கிறார்.

கெட்டது, வில்லன். கஜ்ராஜ் ராவ் நல்ல நடிகர்தான். அவர் ஒரு பத்திரிகைக்காரராக வந்து, தொப்பென்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ரஹீமைக் கவிழ்ப்பதற்கே பிறவி எடுத்தவர்போல் சூழ்ச்சி செய்கிறார். இப்படி ஒருவர் இருந்துவிட்டால் எவ்வளவு சௌகரியம்! அவர் ஒழிந்தால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா? கமிட்டியில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் தெரியும், அங்கே வில்லன்கள் அபூர்வம். அங்கே இருப்பது தூக்கந்தான். எங்கள் மாகாணத்துக்கு எத்தனை பேர், உங்கள் மாகாணத்துக்கு எத்தனை பேர் என்ற பங்கீடு. பணம் இல்லை என்ற பதில். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்ற தீர்மானம். இதை எதிர்த்து ஒருவன் பத்து வருஷம் நிற்பது, வில்லனை எதிர்ப்பதைவிடக் கடினம். எழுதுவதற்கும் கடினம். ஆகையால்தான் நாம் எல்லாரும் வில்லனைத் தேடுகிறோம்.

எங்கள் ஊர்க்காரன் என்ற உரிமையில் ஒரு பழைய சங்கதியைச் சொல்ல ஆசைப்படுகிறேன். தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதியமானுடைய ஊர். அவனுக்காக ஔவை காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனாள். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைப் பெருமையோடு காட்டினான். ஔவை அதைப் பார்த்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. உன் வேல்கள் மயில் தோகை சூடி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மாளிகையில் பளபளவென்று இருக்கின்றன. எங்கள் அரசனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லனுடைய சின்னக் குடிசையில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. புகழ்வதுபோல் இகழ்ந்தாள், இகழ்வதுபோல் புகழ்ந்தாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினோம். இப்போது படிக்கும்போது எனக்கு அந்தக் கொல்லன் குடிசைதான் கண்ணில் நிற்கிறது. போர்க்களத்தைக் காட்டாமல், கரியும் புகையும் அடைந்த அந்தச் சின்ன இடத்தைக் காட்டி, ஒரு படையின் பலத்தை முழுவதும் சொல்லிவிட்டாள் கிழவி. ‘மைதான்’ எடுத்தவர்கள் மயில் தோகையை நன்றாகவே சூட்டியிருக்கிறார்கள். கொல்லன் குடிசைக்குள் குனிந்து போகவில்லை.

செகந்தராபாத் பக்கத்தில் அம்முகுடா என்ற இடத்தில் தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். துளசிதாஸ் பலராம் என்று பெயர். நன்றாக ஆடுகிறானே, ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வா என்று ரஹீம் கூப்பிட்டபோது, வந்து போகக் காசில்லை என்றான். வழிச்செலவுக்கு ரஹீம் தம் கையிலிருந்து கொடுத்து வரச் சொன்னதாகப் பிற்காலத்தில் பலராமே சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் மெல்போர்னுக்குப் போனான், ரோமுக்குப் போனான், ஜகார்த்தாவில் தங்கமும் வாங்கினான். 2023-ல் காலமானார். ரோமுக்குப் போன 1960-ம் வருஷத்துக் குழுவில் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜும் இருந்தார். இவர்களையெல்லாம் ஒவ்வொருவராக உருவாக்கிய அந்தக் கணக்கு, ஒரு வாத்தியாருடைய மாதச் சம்பளத்திலிருந்து சில்லறை சில்லறையாக எழுதப்பட்ட கணக்கு. ரஹீம் போன பிறகு இந்தியக் கால்பந்துக் குழு ஒரு ஒலிம்பிக்குக்கும் தகுதி பெறவில்லை. ஆசிய விளையாட்டில் 1970-ல் ஒரு வெண்கலம் கிடைத்ததோடு சரி. தங்கம் மறுபடியும் வரவே இல்லை. இதற்குப் பல காரணங்கள் இருக்கும். சிறு பையன்களுக்கு இடது காலால் ஆடும் பந்தயத்தை யார் தொடர்ந்து நடத்தினார்கள் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றுகிறது.

இனி, அந்தரங்கம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். பத்து வருஷங்களுக்கு முன் நான் எழுதிய நாவல் ஒன்றில் ஒரு டிரில் மாஸ்டர் வருகிறார். யாரைப் பார்த்து எழுதினேன் என்பதை ஊரில் எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அவருடைய பள்ளிக்கூடப் பையன்கள் சேலத்துக்குப் பந்தாடப் போகிறார்கள். இடைவேளையில் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கியிருக்கிறார்கள். அப்போது மாஸ்டர் பேசுகிறார். நாலு பக்கம் பேசுகிறார். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த கால்களைப் பற்றி, ஹொகேனக்கல் அருவியைப் பற்றி, பஞ்ச காலத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றிய தாய்மார்களைப் பற்றி. பையன்கள் ஜயித்துவிடுகிறார்கள். அந்த அத்தியாயத்தைப் படித்து அழுததாக எனக்குக் கடிதங்கள் வந்தன. ஒரு கடிதத்தை இன்னமும் வைத்திருக்கிறேன். பஞ்சாயத்துத் தலைவர் ஒருவரை வில்லனாகவும் வைத்திருந்தேன் என்பதை நான் சொல்லாவிட்டாலும் நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

புத்தகத்தை மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவருக்குக் கதை ரசனை போதாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த நாவலை மறுபடியும் அச்சிட வேண்டுமென்று பதிப்பாளர் கேட்டிருக்கிறார். அந்த நாலு பக்கத்தையும் அடித்துவிட்டேன். அடித்துவிட்டேனே தவிர, அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. படம் பார்த்த மறுநாள் காலை மாஸ்டர் உலாவும் நேரத்துக்கு மைதானத்துக்குப் போனேன்.

“சார், அன்றைக்குச் சேலத்தில் இடைவேளையில் நீங்கள் என்ன பேசினீர்கள்? ஞாபகம் இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“நான் என்னப்பா பேசினேன்? தண்ணியைக் கொஞ்சமாக் குடிங்கடா, வயித்தைப் பிடிச்சுக்கும்னு சொன்னேன்.”

“நாம் ஜயித்தோமா சார்? எனக்கு அதுவே மறந்துவிட்டது. நான் ஆட்டத்தில் இல்லை. மூட்டைகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.”

“தோத்தோம். நாலுக்கு ரெண்டு. ஆனா அந்த ரெண்டாவது கோல் இடது காலில் போட்டான்.”

யார் போட்டது என்று அவர் சொன்னார். அந்தப் பையன் இப்போது பாலக்கோட்டுப் பக்கம் மாந்தோப்பு வைத்துக்கொண்டிருக்கிறான். அவன் பெயர் இங்கே வேண்டாம். அவனுக்கு எப்படி இடது கால் பழகிற்று என்று கேட்டேன். மாஸ்டர் மைதானத்தின் மேற்குக் கோடியைக் காட்டினார். முன்பு அங்கே பள்ளிக்கூடத்தின் பழைய தண்ணீர்த்தொட்டிச் சுவர் இருந்தது. அந்தச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு வைத்தாராம். சாயங்காலம் மணி அடித்ததும் இடது காலால் அந்த வட்டத்தில் ஐம்பது தரம் அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். சுவரில் பட்டுத் திரும்பும் பந்தையும் இடது காலாலேயே நிறுத்த வேண்டும். மாதம் ஒரு முறை வட்டத்தை அழித்துவிட்டு, முன்னைவிடச் சின்னதாகப் போடுவாராம்.

“எத்தனை நாள் சார்?”

“ஆடியிலே ஆரம்பிச்சோம். மாசி வரைக்கும் ஆச்சு. நடுவுலே பையன் பத்து நாள் வரலே, புளி உலுக்கப் போயிட்டான். திரும்ப முதல்லேருந்து.”

வட்டம் கடைசியில் எவ்வளவு சின்னதாயிற்று என்று கேட்டேன். இரண்டு கைகளையும் சேர்த்து, ஒரு சோற்றுத் தட்டு அளவு காட்டினார். நான் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். “எழுதிக்கிறியா? அப்போ சரியா எழுதிக்கோ. கால் விரலாலே இல்லை,” என்று சொல்லிக்கொண்டே அவர் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு மைதானத்துக்குள் இறங்கி, இடது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, உள்ளங்காலுக்கு மேலே பந்து படவேண்டிய இடத்தைக் குனிந்து விரலால் தொட்டுக் காட்டினார்.